உடைந்த செங்கலும் இரண்டு களிமண்களும்

கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கரிசல் ஊர்களில் எந்தப் பக்கம் நடந்து சென்றாலும், ஊர் முடிகிற இடத்தில் ஒரு குவியலைக் காண்பீர்கள். அது ஓடைக்கரையாக இருக்கலாம். கண்மாயின் உள்வாயாகவும் இருக்கலாம். உடைந்த செங்கல், பெயர்ந்த காரை, காங்கிரீட் கட்டி, ஓட்டுச் சில்லு எல்லாம் அங்கே கலந்து கிடக்கும். கட்டட வேலை செய்வோர் இதை 'ரப்பிஷ்' என்பார்கள். பழைய வீட்டை இடித்துப் புதிது கட்டுகிறவர் டிராக்டருக்கு வாடகை கொடுத்து இதை ஊருக்கு வெளியே தள்ளிவிட்டு நிம்மதியாகத் திரும்புகிறார். அடுத்த ஐப்பசியில் ஓடையில் தண்ணீர் வரும்போதுதான், வழி அடைபட்டிருப்பது தெரிய வருகிறது. மழையை எண்ணி எண்ணி வாழ்கிற மானாவாரிப் பூமியில் இது சிறிய விஷயம் அன்று.

அந்தக் குவியலிலிருந்து ஒரு செங்கல் துண்டைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பு ஒரு கொத்தனார் இதைக் கண்டிருந்தால் தூக்கி எறிந்திருக்க மாட்டார். அவருக்கு இது விலையுள்ள சரக்கு. பெரிய துண்டுகளைச் செங்கல் ஜல்லியாக உடைத்து, சுண்ணாம்போடு சேர்த்து மொட்டை மாடியில் பரப்பி அடிப்பார். மிச்சத்தை இடித்துச் சலித்துத் தூளாக்கிச் சாந்தில் கலப்பார். அந்தத் தூளுக்குச் சுர்க்கி என்று பெயர். சிவப்பு என்று பொருள்படும் பாரசீகச் சொல் அது. இன்று உலகத்தின் பெரிய ஆய்வுக்கூடங்களில், சிமெண்டால் காற்றில் சேரும் கரியமில வாயுவைக் குறைக்க முயலும் அறிஞர்கள், ஏறத்தாழ இந்தச் சுர்க்கியிடமே வந்து நிற்கிறார்கள். எப்படி என்பதைப் பார்ப்போம்.

முதலில் சுண்ணாம்பு. கரிசல் மண்ணைத் தோண்டினால் பல இடங்களில் வெள்ளை வெள்ளையாகச் சுக்கான் கல் கிடைக்கும். சுண்ணாம்புக்கல்லில் ஒரு வகை அது. அதைக் காளவாயில் சுட்டால் கரியமில வாயு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். தண்ணீர் ஊற்றினால் கொதித்துப் பொடிந்து நீற்றுச் சுண்ணாம்பாகும். அதை மணலோடு அரைத்து, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீரை விட்டுப் பூசினார்கள். பூசிய சாந்து, காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல உறிஞ்சி மறுபடியும் சுண்ணாம்புக்கல்லாக மாறுகிறது. காளவாயில் விட்ட வாயுவைச் சுவர் திரும்ப வாங்கிக்கொள்கிறது என்று சொல்லலாம். எரித்த விறகின் புகை மட்டும் இந்தக் கணக்கில் வராது.

இதில் ஒரு குறை உண்டு. காற்றுப் படாத இடத்தில் வெறும் சுண்ணாம்பு இறுகாது. தண்ணீருக்கு அடியில் பூசினால் கரைந்தே போகும். செங்கல் தூளைச் சேர்த்தால் நிலைமை மாறுகிறது. சுட்ட களிமண்ணில் உள்ள சிலிக்காவும் அலுமினாவும் சுண்ணாம்போடு நேரடியாக வினைபுரிந்து, காற்றின் தயவில்லாமலே கல்லாக இறுகுகின்றன. ரோமானியர்கள் இதே வேலையை எரிமலைச் சாம்பலைக் கொண்டு செய்தார்கள். எரிமலை இல்லாத நாட்டில் செங்கல் தூளே எரிமலை.

பிரான்சு நாட்டுப் பொறியாளர் லூயி விகா, களிமண்ணைத் தாமே சுட்டுச் சுண்ணாம்போடு கலந்து முறையாகச் சோதித்து, 1818-இல் தம் முடிவுகளை வெளியிட்டார். காப்புரிமை கேட்காமல் உலகுக்கே கொடுத்துவிட்டார். சுண்ணாம்புச் சாந்து பற்றிய அவருடைய நூலை 1837-இல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர் யார் தெரியுமா? சென்னைப் பொறியாளர் படையைச் சேர்ந்த கேப்டன் ஜே. டி. ஸ்மித். நம் மாகாணத்துச் சுண்ணாம்போடு பழகிய ஒருவருக்கு அந்த நூலின் அருமை தெரிந்ததில் வியப்பில்லை. 1887-இல் தொடங்கி 1895-இல் முடிந்த பெரியாறு அணையைப் பென்னிகுயிக் எழுப்பியதும் சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்ந்த காரையைக் கொண்டுதான். தேனி, மதுரை மாவட்டங்களின் வயல்களுக்குத் தண்ணீர் தந்த அந்த அணையின் உள்ளுடலில் செங்கல் தூள் இருக்கிறது.

பிறகு சிமெண்ட் வந்தது. இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் 1824-இல் போர்ட்லண்ட் சிமெண்ட் என்ற பெயருக்குக் காப்புரிமை பெற்றார். இந்தியாவில் 1904-இல் சென்னையில் நடந்த முதல் முயற்சி நிலைக்கவில்லை. 1914-இல் போர்பந்தரில் நிலைத்தது. நம் வட்டாரத்திற்கு வந்தால், கோவில்பட்டிக்குத் தெற்கே, திருநெல்வேலியை நெருங்கும்போது வரும் தாழையூத்தில் 1949-இல் ஆலை ஓடத் தொடங்கியது. வடக்கே விருதுநகர்ப் பக்கம் துலுக்கப்பட்டியில் 1960-களின் தொடக்கத்தில் இன்னொன்று எழுந்தது. விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளத்தில் 1970-இல் அரசின் ஆலையும் வந்தது. கரிசலுக்கு அடியிலும் அக்கம்பக்கத்திலும் சுண்ணாம்புக்கல் கிடந்ததே காரணம்.

சுண்ணாம்பு ஏன் தோற்றது என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டிய இறுக்கத்தைச் சிமெண்ட் சில நாட்களில் தந்தது. கம்பியோடு சேர்ந்து தூணாகவும் தளமாகவும் நின்றது. பழைய முறை முற்றிலும் தீங்கற்றது என்றும் சொல்ல முடியாது. தூத்துக்குடிக் கடலில் பவளப்பாறைகளைப் பெயர்த்தெடுத்துச் சுண்ணாம்புக்கும் ஆலைகளுக்கும் அனுப்பிய காலம் இருந்தது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் விலாங்குசல்லி, பூவரசன்பட்டி என்னும் இரண்டு கடலுக்குள் மூழ்கியதற்கு அந்தத் தோண்டுதலும் ஒரு காரணம். ஆகவே 'அந்தக் காலத்தில் எல்லாம் நன்றாக இருந்தது' என்ற பேச்சை நாம் இங்கே எடுக்க வேண்டாம்.

இனிக் கணக்குக்கு வருவோம். பள்ளியில் படித்த அணு எடைகள் போதும். 100 கிலோ தூய சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பும் 44 கிலோ கரியமில வாயுவும் கிடைக்கும். சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் சேர்த்து 1450 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேற்றினால் கிடைக்கும் கரிய உருண்டைகளுக்குக் கிளிங்கர் என்று பெயர். அதை அரைத்ததே சிமெண்ட். கிளிங்கரில் நூற்றுக்கு 65 பங்கு சுண்ணாம்பு. அப்படியானால் 100 கிலோ கிளிங்கருக்குக் கல்லிலிருந்து மட்டும் 51 கிலோ வாயு வெளியேறியிருக்க வேண்டும். உலையில் எரித்த நிலக்கரியின் புகை இதற்கு மேல்.

இந்தக் கணக்கின் கடுமை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். மற்ற தொழில்களில் எரிபொருளை மாற்றினால் வாயு குறையும். இங்கே சூரிய ஒளியாலேயே உலையைச் சூடேற்றினாலும் அந்த 51 கிலோ வெளியே வந்தே தீரும். அது நெருப்பில் இல்லை, கல்லில் இருக்கிறது. உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 400 கோடி டன் சிமெண்ட் செய்யப்படுகிறது. மனிதர்கள் வெளிவிடும் கரியமில வாயுவில் ஏழு எட்டு விழுக்காடு சிமெண்டினால் வருவது இதனால்தான். வாயுவைப் பிடித்துப் புதைப்பது ஒரு வழி, செலவு மிகுதி. கிளிங்கரையே குறைத்துக்கொள்வது இன்னொரு வழி.

குறைக்க முடியுமா? இதற்கு விடை 1887-லேயே எழுதப்பட்டுவிட்டது. பெரியாறு அணை வேலை தொடங்கிய அதே ஆண்டில், ஹென்றி லெ ஷாதலியே என்ற பிரெஞ்சு வேதியியலார் சிமெண்டின் உள்ளமைப்பைப் பற்றிய தம் ஆய்வேட்டை வெளியிட்டார். சமநிலை பற்றிய அவருடைய விதியை நீங்கள் வேதியியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். அதே மனிதர்தான். கிளிங்கரின் முக்கியப் பொருள் முக்கால்சியம் சிலிக்கேட் என்று அவர் காட்டினார். அது தண்ணீரோடு சேர்ந்ததும் இரண்டு பொருள்கள் உண்டாகின்றன. ஒன்று, பலம் தருகிற கால்சியம் சிலிக்கேட் ஹைட்ரேட். மற்றொன்று, நீற்றுச் சுண்ணாம்பு. கெட்டிப்பட்ட சிமெண்டில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இந்தச் சுண்ணாம்பு. பலத்திற்கு அது அதிகம் உதவுவதில்லை.

இங்கே கொஞ்சம் நின்று யோசியுங்கள். அவ்வளவு வெப்பம் செலவழித்து, அவ்வளவு வாயுவை வெளிவிட்டுச் செய்த சுண்ணாம்பில் ஒரு பகுதி சுவருக்குள் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. அதற்கு வேலை கொடுக்கத் தெரிந்த பொருள் எது? கொத்தனார் இடித்துச் சலித்த அந்தச் சிவப்புத் தூள்தான். சிமெண்டோடு சுட்ட களிமண்ணைக் கலந்தால், மிச்சச் சுண்ணாம்பு அதனோடு சேர்ந்து பலம் தரும் பொருளாகிறது. கிளிங்கர் அந்த அளவுக்குக் குறைவாகப் போதும்.

நம் நாட்டுப் பொறியாளர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். பக்ரா அணையின் காங்கிரீட்டில் சுட்ட களிமண்ணைக் கலந்தார்கள். ரிஹாண்ட் அணையில் அனல்மின் நிலையச் சாம்பலைக் கலந்தார்கள். சுட்ட களிமண் பொசலானாவுக்கு ஐ.எஸ். 1344 என்ற இந்தியத் தர விதியே உண்டு. ஆயினும் சாம்பல் வந்த பிறகு களிமண் பின்னுக்குப் போயிற்று. நிலக்கரியில் கலந்திருந்த களிமண் கொதிகலனிலேயே சுடப்பட்டுத் தூளாக வந்துவிடும்போது தனியாக எதற்குச் சுட வேண்டும்? தூத்துக்குடி அனல்மின் நிலையத்தின் முதல் அலகு 1979-இல் ஓடத் தொடங்கிய பிறகு நம் பகுதிக்கும் அந்தச் சாம்பல் கிடைத்தது. சாம்பல் கலந்த சிமெண்டில் 35 விழுக்காடு வரை சாம்பல் இருக்க விதி இடம் தருகிறது. ஆனால் நிலக்கரியைக் குறைக்க வேண்டும் என்கிற காலத்தில் நிலக்கரிச் சாம்பலை எத்தனை நாள் நம்பியிருக்க முடியும்? ஆகவே ஆய்வாளர்கள் களிமண்ணைத் திரும்பிப் பார்த்தார்கள்.

எந்தக் களிமண் என்ற கேள்வி எழுந்ததும், பேச்சு நம் கரிசலுக்கே வந்துவிடுகிறது.

சித்திரை வெயிலில் கரிசல் காடு பாளம் பாளமாக வெடித்துக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். வெடிப்புக்குள் கையை விட்டால் முழங்கை வரை போகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அதே மண் பொங்கி மூடிக்கொள்ளும். ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும் இந்தக் குணத்தால்தான் பருத்தியும் கம்பும் சோளமும் இங்கே மானாவாரியாக விளைகின்றன. 1901-இல் கோவில்பட்டியில் வேளாண் ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டதும் இந்த மண்ணை நம்பித்தான். பயிருக்கு வரமான அதே குணம் சுவருக்குச் சாபம். ஆண்டுதோறும் வானம் தோண்டிய இடம் மேலே எழும்பிக் கீழே இறங்கினால் எந்தச் சுவர் தாங்கும்? மூலைவிட்டமாக விரிசல் விடும். பூசி மூடுவார்கள், மறுபடி விடும். கடைசியில் இடிப்பார்கள். நாம் முதலில் பார்த்த குவியலில் ஒரு பங்கு இந்த மண்ணே அனுப்பி வைத்தது.

இதன் காரணத்தை எக்ஸ் கதிர் காட்டிக்கொடுத்தது. களிமண் என்பது நுண்ணிய தகடுகளின் அடுக்கு. லைனஸ் பாலிங் 1930-இல் அப்பிரகத்தையும் அதன் உறவுக் கனிமங்களையும் ஆராய்ந்து, இந்தத் தகடுகள் எப்படிக் கட்டப்பட்டிருக்கின்றன என்று விளக்கினார். 1933-இல் ஜெர்மனியில் ஹாஃப்மனும் அவருடைய தோழர்களும் மாண்ட்மோரிலோனைட் என்ற களிமண்ணின் அமைப்பைக் கூறினார்கள். கரிசலின் களிப் பகுதியில் மிகுந்திருப்பது இதுதான். நடுவில் ஓர் அலுமினாத் தகடு, மேலும் கீழும் சிலிக்காத் தகடுகள். இட்டிலித் தட்டுகளைப் போல ஒன்றன்மேல் ஒன்று. அடுக்குக்கும் அடுக்குக்கும் இடையிலான பிடிப்பு பலவீனமானது. காய்ந்திருக்கும்போது சுமார் 10 ஆங்ஸ்ட்ராம் இருக்கும் அடுக்கு இடைவெளி, தண்ணீர் புகுந்தால் 15-க்கும் மேலே போகிறது. கோடி கோடி அடுக்குகள் இப்படி விரிந்தால் மண் பொங்காமல் என்ன செய்யும்?

கயோலினைட் என்ற வெண்களிமண்ணின் கட்டுமானம் வேறு. அதில் ஒரு சிலிக்காத் தகடு, ஓர் அலுமினாத் தகடு, அவ்வளவே. அடுத்தடுத்த அடுக்குகள் ஹைட்ரஜன் பிணைப்பால் இறுகப் பிடித்துக்கொள்வதால் இடைவெளி ஏறத்தாழ 7 ஆங்ஸ்ட்ராம் அளவிலேயே நிற்கிறது. தண்ணீர் நுழைய வழியில்லை. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடைக்கும் வெண்களிமண் இந்த இனத்தது.

முதல் களிமண்ணின் சேட்டையைச் சமாளிக்க வழி கண்டவர்கள் ரூர்க்கியில் 1947-இல் தொடங்கிய மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையத்தார். மழையும் வெயிலும் எட்டிப் பார்க்காத ஆழம் வரை, சுமார் மூன்றரை மீட்டர், துளையிட்டு, அடியில் குடம்போல அகலப்படுத்திக் காங்கிரீட் நிரப்பும் முறையை அவர்கள் உருவாக்கினார்கள். பொறியாளர்கள் இதை அண்டர்ரீம்டு பைல் என்கிறார்கள். மேல்மண் எத்தனை ஆட்டம் ஆடினாலும் குடம் அசையாது. பல அடி அகலத்துக்கு வானம் தோண்டிக் கல்லும் சிமெண்டும் கொட்டுவதைவிடச் சரக்கும் குறைவு. பம்பாய் ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் ஆர். கே. கட்டி 1970-களில், பொங்காத மண்ணை ஓர் அடுக்காக இடையில் போட்டுக் கரிசலின் வீக்கத்தைக் கட்டுப்படுத்தலாம் என்று காட்டினார். விரிசல் விடாத வீடு இடிக்கப்படுவதில்லை. கழிவைக் குறைப்பதில் இதைவிட மலிவான வழி எனக்குத் தெரிந்து இல்லை. ஆனாலும் நம் ஊர்களில் இன்னும் பல வீடுகளுக்குப் பழக்கத்தின்படியே வானம் தோண்டுகிறார்கள்.

அதே எக்ஸ் கதிர்ப் படம்தான் சிமெண்ட் ஆய்வாளர்களுக்கும் வழிகாட்டியது. கயோலினைட்டை 700 முதல் 850 டிகிரி வரை சூடேற்றினால் அதில் கட்டுண்ட தண்ணீர் வெளியேறுகிறது. எடையில் நூற்றுக்குப் பதினான்கு பங்கு. வெளியே வருவது வெறும் நீராவி, கரியமில வாயு அன்று. ஒரு பக்கம் திறந்திருக்கும் அலுமினாத் தகடு நிலைகுலைந்து, எதனோடாவது சேரத் துடிக்கும் நிலைக்கு வருகிறது. மாண்ட்மோரிலோனைட்டில் அலுமினா இரு சிலிக்காத் தகடுகளுக்கிடையே அடைபட்டிருப்பதால் அவ்வளவு துடிப்பு வருவதில்லை. 2011-இல் கியூபாவையும் சுவிட்சர்லாந்தையும் சேர்ந்த ஆய்வாளர்கள் இதைத் தெளிவாக நிறுவினார்கள். ஆக, சுவரை உடைக்கும் களிமண் சிமெண்டுக்கும் அத்தனை உதவாது. கரிசல்காரர்களாகிய நமக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

இதற்கிடையில் காகிதத்தில் ஒரு கணக்கு முடிந்திருந்தது. 2007-இல் மாட்ஷை, லோதன்பாக், கிளாசர் ஆகியோர் வெப்ப இயக்கவியலைக் கொண்டு, சிமெண்டில் பச்சைச் சுண்ணாம்புக்கல் தூளைக் கலந்தால் என்னென்ன பொருள்கள் உண்டாகும் என்று கணித்தார்கள். அதுவரை சும்மா இடத்தை அடைக்கும் தூள் என்று பலரும் எண்ணியிருந்த சுண்ணாம்புக்கல், அலுமினாவோடு சேர்ந்து கார்போ அலுமினேட் என்ற புதுப் பொருளாகி, நுண்துளைகளை நிரப்பும் என்று கணக்கு சொன்னது. அப்படியானால் அலுமினாவைத் தாராளமாகத் தரும் சுட்ட களிமண்ணையும் சுண்ணாம்புக்கல்லையும் சேர்த்தே போட்டால் என்ன? லோசானில் கேரன் ஸ்க்ரிவனரும் கியூபாவில் பெர்னாண்டோ மார்திரேனாவும் தங்கள் குழுவினரோடு இதைச் சோதித்து 2012-இல் வெளியிட்டார்கள். எல்.சி.3 என்று பெயர் பெற்ற அந்தச் சிமெண்டில் கிளிங்கர் பாதி. சுட்ட களிமண் 30 பங்கு, சுடாத சுண்ணாம்புக்கல் 15 பங்கு, ஜிப்சம் 5 பங்கு. டெல்லி ஐ.ஐ.டி.யும் சென்னை ஐ.ஐ.டி.யும் இந்த ஆய்வில் முக்கியப் பங்கு கொண்டன. ஜான்சியில் இந்தச் சிமெண்டால் ஒரு மாதிரி வீடே கட்டினார்கள். 2023-இல் ஐ.எஸ். 18189 என்ற தர விதியும் வந்தது.

நம் கணக்கை ஒரு மூட்டைக்குப் போட்டுப் பார்ப்போம். 50 கிலோ சாதாரண சிமெண்டில் கிளிங்கர் சுமார் 47 கிலோ; கல்லிலிருந்து வந்த வாயு 24 கிலோ. சாம்பல் முழு அளவு கலந்த மூட்டையில் 15 கிலோ. எல்.சி.3 மூட்டையில் 13 கிலோவுக்கும் குறைவு. களிமண்ணைச் சுடவும் எரிபொருள் வேண்டுமாகையால், எல்லாம் சேர்த்துப் பார்த்தால் சாதாரண சிமெண்டைவிட 30 முதல் 40 விழுக்காடு மிச்சம் என்கிறார்கள்.

உங்கள் கையில் இருக்கும் செங்கல் துண்டு என்ன ஆயிற்று? எல்லாச் செங்கலும் நல்ல சுர்க்கி ஆகிவிடாது. சூளையில் வெப்பம் மிஞ்சிக் கருகிய கல்லில் அந்தத் துடிப்பு அடங்கிப் போயிருக்கும். மண்ணின் இனமும் முக்கியம். பழைய கொத்தனார்கள் எந்தச் சூளைக் கல், எந்தப் பதத்துக் கல் என்று பார்த்து எடுத்ததில் அர்த்தம் இருந்தது. காங்கிரீட் கட்டிகளுக்கோ நேரான வழி உண்டு. 2016-இல் திருத்தப்பட்ட ஐ.எஸ். 383 விதி, இடித்த காங்கிரீட்டை உடைத்து எடுத்த ஜல்லியைக் கம்பியில்லாக் காங்கிரீட்டில் 25 விழுக்காடும், கம்பிக் காங்கிரீட்டில் 20 விழுக்காடும் கலக்க இடம் தருகிறது. தளத்துக்கு அடியில் போடும் மெலிந்த காங்கிரீட்டுக்கு முழுவதையும் பயன்படுத்தலாம். ஓடையில் கொட்டுவதற்கு முன் இதை ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம் அல்லவா?

சுண்ணாம்புச் சுவரைப் போலவே சிமெண்டும் காற்றிலிருந்து கரியமில வாயுவை மெல்லத் திரும்ப வாங்குகிறது. 1930 முதல் 2013 வரை சிமெண்ட் செய்தபோது கல்லிலிருந்து வெளியான வாயுவில் ஏறத்தாழ 43 விழுக்காடு இப்படித் திரும்ப உறிஞ்சப்பட்டது என்று 2016-இல் ஓர் ஆய்வு கணித்தது. உடைத்துத் தூளாக்கினால் மேற்பரப்பு பெருகும்; உறிஞ்சுவதும் விரைவாகும். கம்பி உள்ள கட்டடத்துக்குள் இது நடந்தால் மட்டும் ஆபத்து. காரத்தன்மை போனதும் கம்பி துருப்பிடிக்கும்.

இதை நீங்களே கண்ணால் காணலாம். பள்ளி, கல்லூரி வேதியியல் ஆசிரியரிடம் கேட்டு ஃபினால்ப்தலின் கரைசல் கொஞ்சம் வாங்கிக்கொள்ளுங்கள். குவியலிலிருந்து ஒரு காங்கிரீட் கட்டியை எடுத்துச் சுத்தியலால் பிளந்து, புதிதாகத் தெரியும் முகத்தில் உடனே சொட்டு விடுங்கள். நடுப்பகுதி பளிச்சென்று இளஞ்சிவப்பாகும். ஓரத்தில் மட்டும் ஒரு பட்டை நிறம் மாறாமல் நிற்கும். அந்தப் பட்டையின் அகலம், அந்தக் கட்டி இத்தனை ஆண்டுகளில் உள்ளே இழுத்துக்கொண்ட கரியமில வாயு எட்டிய ஆழம். ஸ்கேலை வைத்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் பழைய வீட்டுச் சுண்ணாம்புக் காரை கிடந்தால் அதையும் உடைத்துச் சொட்டு விட்டுப் பாருங்கள். மிகப் பழைய காரையாக இருந்தால் எங்குமே நிறம் வராது.